பயிற்சி நடந்தும் தோட்டத்துத் தண்ணீர்த் திட்டம் நிலைக்காதது ஏன்?

மேல்கணக்கு வாசி (அக்கரப்பத்தனை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கில் (மேல் டிவிஷனில்) சில ஆண்டுகளுக்கு முன்னர் குடிநீர்த் திட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. மலையுச்சி ஊற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து, அங்கிருந்து லயங்களுக்கும் (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கும்) புதிய வீடுகளுக்கும் குழாய் இழுத்தார்கள். அத்துடன் தலைமைத்துவம், கணக்கு வைத்தல், குழாய் பராமரிப்பு என்று பயிற்சிகளும் நடந்து, சான்றிதழ்களும் வழங்கப்பட்டன.

இன்று வால்வு துருவேறித் திறக்க முடியாமல் கிடக்கிறது. பெண்கள் பழையபடி பீலிக்கரையில் (ஊற்று நீர் விழும் இடத்தில்) குடத்தோடு நிற்கிறார்கள். பயிற்சி பெற்ற இளைஞர்களில் பெரும்பாலோர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். சங்கத்தின் காசேட்டை அண்மையில் வாங்கிப் பார்த்தேன். முதல் சில பக்கங்களில் கோடு போட்டு அழகாக எழுதியிருக்கிறார்கள், அதன்பின் ஒரு வரிகூட இல்லை.

இப்போது பிரதேச சபை (உள்ளூராட்சி மன்றம்) ஊடாக மீண்டும் ஒரு திட்டம் வரப்போவதாகவும், அதற்கும் மனிதவள மேம்பாட்டுப் பயிற்சி உண்டு என்றும் சொல்கிறார்கள். எங்கள் மக்களுக்கு ஆற்றல் போதவில்லை என்பதே அதிகாரிகளின் முடிவு. கோயில் திருவிழாவையும் மரண உதவிச் சங்கத்தையும் ஒரு சதம் பிசகாமல் நடத்துகிற மக்களைப் பற்றி இப்படிச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. குறை எங்கே இருக்கிறது, இம்முறை நாங்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் (ஹட்டன்):

தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. மரண உதவிச் சங்கத்தில் பணம் மக்களுடையது, முடிவும் மக்களுடையது. கணக்குப் பிழைத்தால் அடுத்த கூட்டத்திலேயே கேட்பார்கள். தண்ணீர்த் திட்டத்தில் எந்த ஒப்பந்தக்காரர், எவ்வளவு செலவு, எந்த இடத்தில் தொட்டி என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்துவிட்டு, பழுதுபார்க்கும் பொறுப்பை மட்டும் சங்கத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள். பொறுப்பைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காத இடத்தில் எத்தனை பயிற்சி வைத்தாலும் அது சான்றிதழோடு முடிந்துவிடும்.

இதற்கு ஒரு நீண்ட பின்னணி உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நம்மவர்களான மலையகத் தமிழரில் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே குடியுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. வாக்குரிமை கிடைத்த பின்னரும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. நாம் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே நம் லயத்துப் பாதையைத் திருத்த முடியாது என்ற நிலை. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அதற்கு வழி திறந்தது. அதே ஆண்டில் நுவரெலியா பிரதேச சபையிலிருந்து அக்கரப்பத்தனையும் கொட்டகலையும் தனிச் சபைகளாயின. அம்பகமுவையிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும் பிரிந்தன. ஆகவே பொது நிர்வாகத்தோடு நேரடியாகப் பழகும் வாய்ப்பே நமக்கு மிக அண்மையில்தான் கிடைத்திருக்கிறது. இந்த வரலாற்றைக் கணக்கில் எடுக்காமல் மக்களின் ஆற்றலைக் குறை சொல்வது அநீதி என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

சங்கத்தைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்து, பதிவை ஆண்டுதோறும் உயிரோடு வைத்திருங்கள். பதிவு பெற்ற சமூக அமைப்புகளுக்குச் சிறிய நிர்மாண வேலைகளை நேரடியாகவே ஒப்படைக்க அரச நடைமுறையில் இடமுண்டு. உங்கள் வாய்க்காலை நீங்களே வெட்டிக் கணக்கும் காட்டினால், எந்த வகுப்பறையிலும் கிடைக்காத பயிற்சி அதில் கிடைக்கும்.

சிறுவர் நிலையப் பொறுப்பாளர் (பசறை):

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சங்கத்துக்கு அதிகாரம் கிடைத்தால் மட்டும் போதாது; சங்கத்துக்குள் யாருக்குக் கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நான் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். பயிற்சிகளைப் பெரும்பாலும் வேலை நாளில், காலை 10 மணிக்கு வைக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண் அதற்கு வந்தால் அன்றைய பெயர் (நாள் சம்பளம்) போய்விடும். அதனால் வேலைக்குப் போகாத ஆண்கள் வந்து உட்கார்ந்து, சாப்பாட்டுப் பொதியை வாங்கிக்கொண்டு போகிறார்கள். தண்ணீர் எந்த நேரத்தில் வரும், எந்த லயத்துக்கு ஏறாது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் மலையில் கூடை சுமந்து நிற்கிறார்கள்.

எங்கள் பக்கத்து டிவிஷனில் கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் பிள்ளை மடுவத்திலேயே வைத்தோம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததால் தாய்மார் நிம்மதியாகப் பேசினார்கள். தொட்டி கழுவும் முறைப்பட்டியலையும் அவர்களே எழுதினார்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் சட்டத்தால் ஒதுக்கப்பட்டிருக்கும்போது, ஒரு தண்ணீர்ச் சங்கத்தின் பொருளாளராக ஒரு பெண் இருக்கக்கூடாதா? இன்னொன்று, படிவங்களும் கடிதங்களும் தமிழில் வர வேண்டும். தமிழ் அரச கரும மொழி. சிங்களத்தில் வந்த ஒப்பந்தத்தில் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

மேல்கணக்கு வாசி:

அக்கா, ஞாயிறு கூட்டம் பற்றிச் சொன்னதை உடனே செய்யலாம். ஒரு சந்தேகம். இளைஞர்கள் வெளியூர் போவதை எப்படித் தடுப்பது?

நீர்ச் சங்கச் செயலாளர் (தெல்தோட்டை):

தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அவர்களுக்கும் வாழ்க்கை இருக்கிறது. பராமரிப்பைச் சம்பளமில்லாத சேவையாக வைத்திருப்பதுதான் பிழை. சிரமதானத்தால் குழி வெட்டலாம். ஆண்டு முழுவதும் ஊற்றைப் பார்க்கவும், குளோரின் போடவும், வால்வுக்கு எண்ணெய் விடவும் முடியாது. எங்கள் சங்கத்தில் வீட்டுக்கு வீடு மானி பொருத்தி, அலகுக் கணக்கில் கட்டணம் வாங்கி, அதிலிருந்து பராமரிப்பாளருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறோம். ஒருவர் போனால் அடுத்தவர் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக எப்போதும் இரண்டு பேரை மலைக்கு அனுப்புகிறோம். இப்படிப்பட்ட சங்கங்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் காணி விடயத்தைப் பாருங்கள். ஊற்றும் தொட்டியும் குழாய் போகும் வழியும் தோட்ட நிர்வாகத்தின் கையிலுள்ள காணியில் இருக்கும். துரை (தோட்ட முகாமையாளர்) மாறினால் வாய்ப்பேச்சு செல்லாது. நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில், பிரதேச சபையையும் தரப்பாகச் சேர்த்து வாங்குங்கள். பழைய திட்டத்தின் செலவு விபரமும் வரைபடமும் வேண்டுமானால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதை நடைமுறைப்படுத்திய அரச அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். புதிய திட்டத்துக்கான முதற்கூட்டம் நடப்பதற்கு முன்பே அந்த வரைபடம் உங்கள் கையில் இருந்தால், எந்தக் குழாயை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும் என்று பொறியியலாளரிடம் நீங்களே பேசலாம்.