உறைந்த இரையைப் பற்றி எங்கள் குடும்பக் குழுவில்

குழு: அம்மாபேட்டை உறவுகள்

நான், மாலை 6.42
மாமா, வணக்கம். கொச்சியிலிருந்து சூரை மீன் பிடிக்கச் செல்லும் ஆயிரங்கால் தூண்டில் படகு ஒன்றில் (நீண்ட கயிற்றில் வரிசையாக முட்களைக் கட்டிக் கடலில் இறக்கும் படகு) இரைக்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. குளிர்சாதன இயந்திரத்தைப் படித்திருக்கிறேன். இரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தத் தொழிலிலேயே இருந்தவர் நீங்கள், சொல்லிக்கொடுங்கள்.

மாமா, 6.55
மிகவும் மகிழ்ச்சி, மாப்பிள்ளை. முதலில் கணக்கைப் பார். ஒரு முறை தூண்டிலை இறக்க 2,000 தூண்டில் முள் என்றால், இரை ஒன்று 100 கிராம் என்று வைத்தாலும் 200 கிலோ வேண்டும். 10 கிலோ பெட்டியில் அது 20 பெட்டி. இரையாக முள்ளில் கோத்த கணவாயும் கானாங்கெளுத்தியும் நீரோட்டத்தில் பல மணி நேரம் கிழியாமல் நிற்க வேண்டும். சதை தளர்ந்து இரை நழுவிவிட்டால், எரித்த டீசலும் ஆட்களின் உழைப்பும் வெறும் முள்ளை நனைப்பதற்குத்தான் போகும். ஆகவே, நாம் உண்ணப்போகும் மீனைப் போலவே அதையும் நடத்து.

நான், 6.58
கிடங்கை −18 டிகிரியில் வைத்தால் போதுமா?

மாமா, 7.10
அதற்கு மேலே ஏறவே கூடாது. இன்னும் குளிராக இருந்தால் நல்லது. பெரிய கேடு ஏற்ற இறக்கத்தில்தான் வருகிறது. பெட்டி எடுக்கும்போது கதவு திறந்தே கிடந்தால் வெப்பம் ஏறி இறங்கும். சதைக்குள் இருக்கும் சிறு பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து திசுவைக் கிழிக்கும். பிறகு இளக வைக்கும்போது நீர் வடிந்து சதை தொளதொளத்துவிடும். இன்னொன்று: பெரும்பாலும் படகின் இரைக்கிடங்கு உறைந்ததைக் காப்பதற்காகவே கட்டப்பட்டது, உறைய வைப்பதற்காக அல்ல. கடலில் கிடைத்த பச்சை மீனை அதில் போட்டால், −1 முதல் −5 டிகிரி வரையிலான கட்டத்தை அது மெதுவாகக் கடக்கும். பெரிய படிகங்கள் உருவாவது அந்தக் கட்டத்தில்தான்.

அண்ணன் (சூரமங்கலம்), 7.18
தம்பி, மீன் கடைக்காரனாக நானும் ஒன்று சொல்கிறேன். மத்தி வாங்கினால் வயிற்றைப் பார். இரை தின்ற வயிற்றோடு பிடிபட்டு, உடனே குளிரில் வைக்கப்படாத மத்தியின் வயிறு, அதன் செரிமான நீராலேயே கரைந்து வெடித்திருக்கும். அப்படிப்பட்டதை எவ்வளவு நன்றாக உறைய வைத்தாலும் கெட்டது கெட்டதுதான்.

மாமா, 7.24
சரியாகச் சொன்னாய். பெட்டிகளை ஏற்றுவதற்கு முன் சிலவற்றைத் திறந்து பார்த்துவிடு. மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் எண்ணெய் அதிகம். உறைந்த நிலையிலும் அந்தக் கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கு நாற்றம் பிடிக்கும், வயிற்றோரம் மஞ்சளாகும். கணவாயில் கொழுப்பு குறைவு என்பதால் அது கூடுதல் நாள் தாங்கும். வெள்ளையாக உலர்ந்த திட்டுகள் இருந்தால், மேலே இருந்த பனிப்பூச்சு போய்விட்டது என்று பொருள்.

நான், 7.27
இளக வைப்பது எப்படி, மாமா?

மாமா, 7.46
இதில்தான் உன் கைத்திறன் தெரியும். தேவையான பெட்டிகளை மட்டும் முன்கூட்டியே எடுத்து நிழலில் வை. அவசரமென்றால் கடல்நீரில் போடலாம். நன்னீர் சதையை ஊறவைத்து வெளுக்கச் செய்யும் என்பதால் அது வேண்டாம். வெயிலில் வைத்தால், கட்டியின் நடுப்பகுதி இளகுவதற்குள் மேலே இருப்பது கெட்டுப்போகும். ஒட்டிக்கொண்ட மீன்களைக் கம்பியால் நெம்பிப் பிரிக்காதே, தோல் கிழிந்துவிடும். முள் இறக்க நான்கைந்து மணி நேரம்கூட ஆகும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் கட்டம் கட்டமாக எடு. மேலே இளகி, நடுவில் சற்று விறைப்பாக இருக்கும் நிலைதான் கோப்பதற்கு ஏற்றது: முள்ளும் இறங்கும், பிடிப்பும் இருக்கும். கணவாயைக் கூம்பு நுனியின் கெட்டியான இடத்திலும், மீனைக் கண் வழியாகவோ தலையெலும்பை ஒட்டியோ கோக்க வேண்டும். மீந்ததை மறுபடி உறைய வைக்காதே. கல்லுப்பு போட்டு ஐஸில் வைத்தால் சதை இறுகும், அடுத்த இறக்கத்துக்கு முதலில் அதைப் பயன்படுத்து.

சித்தி (ஏற்காடு), 7.52
அண்ணா, மீந்த கானாங்கெளுத்தியைக் குழம்பு வைக்கலாம் அல்லவா? இவ்வளவு மீனும் வீணாகாதே. இங்கே மலைக்குளிரில் ஒரு இரவு வெளியே வைத்தால்கூட ஒன்றும் ஆவதில்லை.

மாமா, 8.01
வேண்டாம் அம்மா, இதை அவனும் கவனமாகப் படிக்கட்டும். அந்த மீன் படகின் மேல்தளத்தில் வெப்பத்தில் கிடக்கும்போது கிருமிகள் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. கொதிக்க வைத்தாலும் மறுபடி உறைய வைத்தாலும் அது அழியாது. மணத்திலும் எப்போதும் தெரியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். மலைக்குளிரும் இதைத் தடுக்காது, ஐஸ்தான் வேண்டும்.

சித்தி (ஏற்காடு), 8.04
கேட்டாயா, கண்ணு? பசித்தாலும் இரைப்பெட்டியில் கை வைக்காதே.

நான், 8.06
சரி, சித்தி. மாமா, கணவாய், மீன் இரண்டில் எதை அதிகம் ஏற்றச் சொல்லட்டும்?

மாமா, 8.15
முடிவு ஓட்டுநருடையது, ஆனால் என் எண்ணத்தைச் சொல்கிறேன். கடலாமைகள் கணவாயை முள்ளோடு முழுதாக விழுங்கிவிடும். மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்னும். வட அட்லாண்டிக்கில் 2001 முதல் 2003 வரை நடந்த சோதனைகளில், நுனி உள்நோக்கி வளைந்த பெரிய வட்ட முள்ளோடு கானாங்கெளுத்தியைக் கோத்தபோது ஆமைகள் சிக்குவது வெகுவாகக் குறைந்தது. நம் கடலிலும் ஆமைகள் உண்டு, அதனால் மீனையே கேட்டுப் பார்.

நான், 8.18
கட்டாயம் கேட்கிறேன். பெட்டிகளை எப்படி அடுக்குவது?

மாமா, 8.22
உறைய வைத்த தேதி கதவுப் பக்கம் தெரியும்படி அடுக்கு, பழையது முன்னால் இருக்கட்டும். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே குளிர்காற்று ஓட இடம் விடு. கையுறையை இங்கேயே வாங்கிக்கொள். துடுப்புமுள் குத்திய விரல் கடலில் சீழ் பிடித்தால் ஆற நாளாகும்.