டைம், டிஸ்டன்ஸ், ஸ்பீடு கணக்குல மாட்டிக்கிட்டு முழிச்ச அனுபவம் யாருக்கெல்லாம் இருக்கு?

நானே ஆரம்பிக்கிறேன். டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிறப்ப ஒரு மாடல் டெஸ்ட்ல, தஞ்சாவூர்லருந்து திருச்சிக்கு 60ல போயி 40ல திரும்பி வந்தா சராசரி வேகம் என்னன்னு கேட்டிருந்தாங்க, நான் ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 50ன்னு ஷேட் பண்ணிட்டு கெத்தா அடுத்த கேள்விக்கு போயிட்டேன். ஆன்சர் கீயில 48. கீதான் தப்புன்னு ரூம்ல ஒரே சண்டை. அப்புறம் ரூம்மேட் தூரத்த 60 கிலோமீட்டர்னு வச்சு போட்டு காமிச்சான், போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை, ஆக 120 கிலோமீட்டருக்கு ரெண்டரை மணி நேரம், 48தான் வருது. மெதுவா வர்றப்பதான ரோட்டுல ரொம்ப நேரம் இருக்கோம், அதான் சராசரி 40 பக்கம் இழுக்குது. அதுக்கப்புறம் சராசரி வேகத்துக்குன்னு இருக்குற ஃபார்முலாவ மனப்பாடம் பண்றதையே விட்டுட்டேன்.

*

அண்ணே எனக்கு வில்லன் பாலம் கணக்கு. பாம்பன் பழைய பாலம் 2060 மீட்டர்னு வச்சுக்கோ, ட்ரெய்ன் 15 கிலோமீட்டர் வேகத்துல ஊர்ந்து போகுது, பெட்டி ஒண்ணு 22 மீட்டர், 20 பெட்டி, எவ்ளோ நேரத்துல பாலத்த தாண்டும்னு சார் கேட்டாரு. நான் பாலத்த மட்டும் கணக்குல எடுத்து எட்டேகால் நிமிஷத்துக்கு கொஞ்சம் கம்மின்னேன். "ஏம்ப்பா கடைசி பெட்டிக்காரன் கடல் மேலயே நிக்கிறானே, அவன யாரு கரை சேக்குறது"ன்னாரு பாருங்க, கிளாஸே சிரிச்சிருச்சு. 440ஐயும் சேத்தா 2500 மீட்டர், சரியா 10 நிமிஷம். தந்திக்கம்பம் கணக்குன்னா மட்டும் ட்ரெய்ன் நீளம் போதும், கம்பத்துக்கு ஏது நீளம்.

*

நீங்க ரெண்டு பேரும் பேப்பர்ல போட்டீங்க, நான் ஜன்னலோரத்துல போட்டேன். எட்டாவது படிக்கிற என் பொண்ணு, ட்ரெய்ன் எவ்ளோ ஸ்பீடுல போகுதும்மான்னு நச்சரிச்சா, மொபைல்ல டவர் இல்ல. லைன் ஓரம் இருக்குற கரண்ட் கம்பத்துல மேல கிலோமீட்டர் நம்பரும் கீழ கம்பத்து நம்பரும் எழுதிருக்கும்ல, மேல உள்ளது ஒருதடவ மாறுனதுலருந்து அடுத்த தடவ மாறுற வரைக்கும் செகண்ட் எண்ணுடின்னேன், 40 வந்துச்சு. 3600ஐ 40ஆல வகு, 90. அவ்ளோதான், விழுப்புரம் வர்ற வரைக்கும் அவளும் எதிர் சீட்டு தாத்தாவும் மாத்தி மாத்தி எண்ணிட்டே வந்தாங்க, நடுவுல சிக்னல்ல நின்னப்ப "இப்ப எவ்ளோ"ன்னு தாத்தா வேற கலாய்ச்சாரு.

*

அக்கா செம, இத நான் சுடுறேன். ஆமா மணிக்கு இத்தன கிலோமீட்டர்ங்கறத செகண்டுக்கு இத்தன மீட்டர்னு மாத்த 5/18ஆல பெருக்கணுமா 18/5ஆலயான்னு இன்னும் குழம்புறவங்க யாராச்சும் இருக்கீங்களா? நான் 18 கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு 5 மீட்டர்னு சைக்கிள வச்சு ஞாபகம் வச்சிருக்கேன், மீட்டருக்கு மாத்துனா நம்பர் சின்னதாகணும். அப்பவும் ஹால்ல ஒருதடவ தலைகீழா போட்டு ஆட்டோவ செகண்டுக்கு 130 மீட்டர் ஓட விட்டுட்டேன்.