கால்பந்தில் பின்னால் பாஸ் போடுவது நிதானமா, பயமா?

பின்வரிசை: ஒரு அணி 1-0 முன்னிலை. அரை மணி நேரமாகப் பின்னாலேயே பாஸ் போடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் "தூங்கிவிட்டார்கள்" என்கிறார்கள். எனக்கோ ஆட்டம் அவர்கள் பிடியில் இருப்பதாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் நான் எதிரணியைத்தான் கவனிப்பேன். அவர்கள் பந்தைத் துரத்தி இடமும் வலமுமாக ஓடிக் களைக்கிறார்களா? கிடைத்த பந்தை அவசரத்தில் உதைத்துத் தொலைக்கிறார்களா? அப்படியானால் பிடி இறுகியிருக்கிறது. 2010 உலகக் கோப்பையில் ஸ்பெயின் நாக்அவுட் (தோற்றால் வெளியேறும்) ஆட்டங்கள் நான்கையும் 1-0 என்றுதான் வென்றது.

கோல்கணக்கு: அதே ஸ்பெயின் 2018-ல் ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டு, 1-1 ஆகி, பெனால்டியில் வீட்டுக்குப் போனது. 2022-ல் மொராக்கோவிடமும் அதே கதை, அங்கே ஒரு கோல்கூட இல்லை. பயத்துக்கு நிதானம் என்று பெயர் வைக்காதீர்கள்.

பின்வரிசை: அந்த இரண்டையும் நானும் பிடி என்று சொல்ல மாட்டேன். ரஷ்யா ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தியது. அவர்கள் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் ஸ்பெயின் பந்தை உருட்டியது.

நான் சொல்வது வேறு. சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) பந்தை வாங்கி, உள்ளங்காலை அதன் மேல் வைத்து நிற்கிறார். எதிரணி ஸ்ட்ரைக்கர் நெருங்கும்வரை அசைவதில்லை. அவர் வந்ததும், அவர் விட்டுவந்த இடத்துக்கே பந்து போகிறது. வராவிட்டால் இவருக்கும் அவசரமில்லை. பந்து பறிபோனாலும், எதிரணி தூக்கி அடிக்கும் பந்து விழும் இடத்தில் இவர்கள் ஆள் ஏற்கெனவே நிற்கிறார். நாலு பேர் தலைதெறிக்கத் தங்கள் கோலை நோக்கித் திரும்பி ஓடினால், அந்தக் கணமே பிடி தளர்ந்துவிட்டது.

நடுக்களம்: பந்தே இல்லாமலும் இது முடியும். 2018 அரையிறுதியில் பந்து பெல்ஜியத்திடம்தான் அதிகம் இருந்தது. ஆனால் 51-வது நிமிடத்தில் பிரான்ஸின் உம்டிட்டி தலையால் கோல் அடித்த பிறகு, பிரான்ஸ் பெல்ஜியத்தை ஓரத்துக்கே தள்ளி, அங்கிருந்து கோல் முன்னே பந்தைத் தூக்கி கிராஸ் போட வைத்தது. உள்ளே பிரான்ஸின் டிஃபெண்டர்கள் வரானும் உம்டிட்டியும் காத்திருந்தார்கள்.

கோல்கணக்கு: சரி, 2022 இறுதிப் போட்டிக்கு என்ன சொல்கிறீர்கள்? அர்ஜென்டினா 2-0. பிரான்ஸ் முதல் பாதியில் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. நீங்கள் சொன்ன அடையாளம் எல்லாம் இருந்தது. அப்புறம் 80, 81-வது நிமிடங்களில் பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு கோல்! முடிந்த பிறகு "பிடி போய்விட்டது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

பின்வரிசை: நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு அது 64-வது நிமிடத்திலேயே உறுத்தியது. அர்ஜென்டினாவின் டி மரியா வெளியே போனார். அதுவரை இடது ஓரத்தில் பந்தை வாங்கி, எதிராளியைத் தன் பக்கம் இழுத்து, மற்றவர்களுக்கு மூச்சுவிட நேரம் தந்தவர் அவர்தான். பதிலுக்கு வந்த அகுன்யா ஒரு டிஃபெண்டர். அதன்பிறகு வெளியே போன பந்து உடனே திரும்பி வந்தது. இரண்டாவது கோலுக்கு முன் பிரான்ஸின் கோமான் மெஸ்ஸியிடமிருந்தே பந்தைப் பறித்தார்.

கோல்கணக்கு: டி மரியா விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1-0 என்பது ஒரு கால் வழுக்கினால் போய்விடும். இரண்டாவது கோலைத் தேடாத அணியை என்னால் நம்ப முடியாது.

பின்வரிசை: தேட வேண்டும், மறுக்கவில்லை. எப்போது தேடுவது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அடுத்த நாக்அவுட் ஆட்டத்தில், 60-வது நிமிடத்தில் ஆட்டம் யார் பிடியில் என்று இங்கேயே எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

கோல்கணக்கு: எழுதுகிறேன். யாரும் பிறகு திருத்தக் கூடாது.