பவளப்பாரு முழுக்க வெள்ளையா கிடக்குனு அப்பா சொல்றாங்க, செத்துப்போச்சா இல்ல திரும்பி வருமா?

சங்குக்காரர் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு தூத்துக்குடி, அப்பா முப்பது வருசத்துக்கு மேல சங்கு குளிக்கப் போறவங்க. நான் வேலைக்காக கோயம்புத்தூர்ல இருக்கேன். மே மாசம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு நாள் அப்பா கடலுக்குப் போயிட்டு வந்து சாப்பிட உக்காந்தாங்க, தட்டுல கைய வச்சிட்டு அப்படியே பேசாம இருந்தாங்க. என்னப்பானு கேட்டா "பாரு முழுக்க சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கிடக்கு, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு"னு சொன்னாங்க. சங்கு மணல்லதான் கிடக்கும், ஆனா போற வழியில பாரைத் தாண்டித்தான் போகணும், அதனால அந்தப் பவளத்தை எல்லாம் அப்பாவுக்கு நம்ம தெரு வீடுகளைத் தெரியுற மாதிரி தெரியும்.

இன்னொன்னும் சொன்னாங்க. முன்னெல்லாம் மேல தண்ணி சூடா இருந்தாலும் ஒரு ஆள் ஆழம் ரெண்டு ஆள் ஆழம் இறங்கினதுமே குளுமை வந்து முகத்துல அடிக்குமாம், இப்ப அடி வரைக்கும் ஒரே வெதுவெதுப்பா இருக்காம்.

என் கேள்வி இதுதான். வெள்ளையானா செத்துப்போச்சுனு அர்த்தமா? அப்பா சூடுதான் காரணம்னு சொல்றாங்க, மாமா அதெல்லாம் இல்ல விசைப்படகும் ஃபேக்டரி தண்ணியும்தான் காரணம்னு சண்டை போடுறாங்க. யார் சொல்றது சரி? இது திரும்பி வருமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்.

முத்துக்குளி:

அக்கா, நான் காலேஜ் படிக்கும்போது ரெண்டு வருசம் மன்னார் வளைகுடாவுல பவளக் கணக்கெடுப்புக்கு டைவ் பண்ணியிருக்கேன். முதல்ல அப்பாகிட்ட சொல்லுங்க, வெள்ளையானதும் உடனே செத்துப்போச்சுனு அர்த்தம் இல்ல. பட்டினி கிடக்குனு அர்த்தம்.

பவளம் கல்லும் இல்ல செடியும் இல்ல, ஆயிரக்கணக்கான குட்டி உயிருங்க ஒண்ணா ஒட்டிக்கிட்டு தனக்கு அடியில சுண்ணாம்புல வீடு கட்டிக்கிட்டே போறதுதான் பவளம். அந்த உயிரோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி குடியிருக்கு, சூசாந்தெல்லேனு பேரு. அது வெயில்ல சமைச்சு பவளத்துக்கு சாப்பாடு போடுது, பவளத்துக்கு வேண்டிய சத்துல பெரும்பங்கு அதுகிட்ட இருந்துதான் வருது, நாம பாக்குற பழுப்பு, பச்சை நிறமெல்லாமும் பெரும்பாலும் அந்தப் பாசியோடதுதான். தண்ணி அளவுக்கு மீறி சூடாச்சுனா அந்தப் பாசியோட சமையல் கெட்டுப்போய் விஷம் மாதிரி ஒண்ணை உண்டாக்க ஆரம்பிக்குது, பவளம் வேற வழியில்லாம அதை வெளிய தள்ளிடுது. தள்ளினதும் சதை கண்ணாடி மாதிரி ஆயிடும், உள்ள இருக்குற சுண்ணாம்பு வெள்ளை பளிச்சுனு தெரியும். அப்பா பாத்தது அதுதான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுனா, பளீர்னு சுத்தமான வெள்ளையா இருந்தா பெரும்பாலும் இன்னும் உயிர் இருக்கும். கிட்டப் போய் பாத்தா மேல மெல்லிசா ஜவ்வு மாதிரி சதை தெரியும். ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சுப் போறப்ப அதே இடத்துல பச்சையா பழுப்பா மெல்லிசு மயிர் மாதிரி வழுக்குப் பாசி படிஞ்சிருந்தா, அது போச்சு. மான்கொம்பு மாதிரி கிளை விடுற வகையும் தட்டு மாதிரி விரியுற வகையும்தான் முதல்ல சாகும். உருண்டையா பெரிய கல்லு மாதிரி இருக்குற வகை தாங்கும், நான் பாத்த பாருலயே சுத்தி எல்லாம் செத்துக் கிடக்க நடுவுல ஒரு உருண்டை மட்டும் மஞ்சளா உக்காந்திருந்துச்சு.

நம்ம பக்கம் தண்ணி 30 டிகிரியைத் தாண்டி 31, 32னு போய் வாரக்கணக்குல நின்னா வெளுக்கும். ஒரு இடத்துல வழக்கமா இருக்குற உச்ச சூட்டை விட 1 டிகிரி கூடி 4 வாரம் நின்னா வெளுப்பு, 8 வாரம் நின்னா சாவுனு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. வெறும் 1 டிகிரிதான், நமக்கு அது ஃபேனை ஒரு பாயிண்ட் கூட்டி வைக்கிற விஷயம். ஏப்ரல், மே மாசத்துல காத்து செத்து கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும்ல, அப்பதான் சூடு ஏறும். கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, எடுத்து அலை புரட்டிவிட்டா தண்ணி ஆறிடும், பாசி திரும்ப வந்து குடியேறும், நிறமும் மெதுவா திரும்பும். அதனால காத்து எப்ப எடுக்குதுங்கிறதுலதான் பவளத்தோட உயிரே இருக்கு. ஜூன், ஜூலைக்கு அப்புறம் அப்பாவைத் திரும்ப அதே இடத்தைப் பாக்கச் சொல்லுங்க.

தருவைகுளத்தான்:

மாமா சொல்றது சரிதான் தங்கச்சி. எல்லாத்தையும் கிளைமேட்னு சொல்லிட்டா உள்ளூர்ல தப்பு பண்றவன் தப்பிச்சுக்கிறான். இழுவலை போடுறவன் அடியையே வாரிக்கிட்டுப் போறான், வலை பாருல மாட்டினா அறுத்துவிட்டுட்டுப் போயிடுறான், அந்த வலை வருசக்கணக்கா அங்கயே கிடந்து பவளத்தை மூடி கொல்லுது. ஓரா, கிளிமீன், களவா எல்லாம் எங்க அய்யா காலத்துல கரைக்குப் பக்கத்துலயே கிடைச்ச மீனு, இப்ப டீசல் போட்டு எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்குனு எங்களுக்குத்தான் தெரியும். சூடு சூடுனா அந்தக் காலத்துல மே மாசம் வெயில் அடிக்கலையா?

முத்துக்குளி:

அண்ணே நீங்க சொல்ற வலை விஷயம் நூத்துக்கு நூறு உண்மை, நானே பாரு மேல கிடந்த வலையை அறுத்து எடுத்திருக்கேன், உள்ள செத்த நண்டும் மீனுமா. ஆனா சூடு காரணம் இல்லனு சொல்லாதீங்க. இதுக்கு நம்ம கடல்லயே கணக்கு இருக்கு, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வருசக்கணக்கா இறங்கி அளந்தது.

2005 வாக்குல மன்னார் வளைகுடாவுல பாரு பரப்புல உயிருள்ள பவளம் சுமார் 37 சதவீதம். அந்தச் சமயத்துலதான் பவளக்கல்லு வெட்டுறது நின்னுச்சு. நின்னதும் என்னாச்சு, 2009ல 43 சதவீதம் பக்கம் ஏறிடுச்சு. யாரும் போய் நடல, விட்டுட்டாங்க, அதுவா வளந்துச்சு. இது உங்க பக்கத்து நியாயம், உள்ளூர்ல கைய எடுத்தா பாரு பிழைக்கும்.

அடுத்து 2010ல எல் நினோ (பசிபிக் கடல் சூடாகி உலகத்துச் சூட்டையே ஏத்திவிடுறது) சூடு, ஒரே வருசத்துல 33க்கு இறங்கிடுச்சு. அப்புறம் 5, 6 வருசம் போய் கஷ்டப்பட்டு 39 பக்கம் வந்துச்சு. 2016ல திரும்ப சூடு, 23க்கு விழுந்துடுச்சு. ஒரு கோடையில விழுந்தது 16 சதவீதம்ணே. அந்த வருசம் புதுசா எந்த விசைப்படகு வந்துச்சு, எந்தப் புது ஃபேக்டரி வந்துச்சு? இது அக்கா அப்பா பக்கத்து நியாயம்.

அந்தக் காலத்துலயும் வெயில் அடிச்சுது, வாஸ்தவம். ஆனா எண்ணெய், நிலக்கரி எரிச்ச புகையால பூமியில கூடுதலா தங்குற சூட்டுல 90 சதவீதத்துக்கும் மேல கடல்தான் வாங்கி வச்சிருக்கு. ஏற்கெனவே கொதிக்கிற பக்குவத்துல இருக்குற பானைக்கு அடியில இன்னொரு விறகைச் செருகின மாதிரிதான் இப்ப எல் நினோ வர்றது. எனக்கு பயமே நடுவுல கிடைக்கிற இடைவெளி பத்திதான். மான்கொம்பு வகை வேகமா வளரும், வருசத்துக்கு 10 சென்டிமீட்டர் கூட போகும், ஒரு பத்து வருசம் விட்டா பாரு தேறிடும். உருண்டை வகை வருசத்துக்கு 1 சென்டிமீட்டர்தான், ஒரு ஆள் உசரம் இருக்குற உருண்டை நம்ம தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல பிறந்தது. ஆஸ்திரேலியா கிரேட் பேரியர் ரீஃபையே பாருங்க, 2300 கிலோமீட்டர் நீளம், அங்க 1998, 2002னு வந்தது அப்புறம் 2016, 2017, 2020, 2022, 2024னு வந்திருக்கு. காய்ச்சல்ல இருந்து எழுந்து உக்காரதுக்குள்ள அடுத்த காய்ச்சல். உலகம் முழுக்க நடக்குற நாலாவது பெரிய வெளுப்புனு 2024 ஏப்ரல்ல அறிவிச்சாங்க, உலகத்துப் பவளத்துல 84 சதவீத இடத்துல வெளுக்குற அளவு சூடு பட்டிருக்கு.

கல்லுவள்ளம்:

இந்தத் திரியைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் எழுதலாமா வேண்டாமானு யோசிச்சேன். எங்க அப்பா கல்லு வள்ளத்துல போனவர். கடப்பாரையால பாரைப் பேத்து வள்ளம் நிறைய ஏத்திக்கிட்டு வருவாங்க, கரையில குவிச்சிருக்கிற கல்லுல இருந்து ரெண்டு மூணு நாளைக்கு அழுகின நாத்தம் வரும், அது உயிரு சாகுற நாத்தம்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும், கொஞ்சம் வீடு கட்டப் போகும். எங்க பழைய வீட்டுக் கிணத்து உறை அந்தக் கல்லுதான், இன்னிக்கும் கையால தடவினா பூப்பூவா நட்சத்திர அச்சு விரலுக்குத் தட்டுப்படும். தனுஷ்கோடியில இடிஞ்சு நிக்குற சர்ச் சுவரைக் கிட்டப் போய் பாத்தவங்களுக்கும் தெரியும், அதுவும் பவளக்கல்லுதான்.

வயித்துப் பாட்டுக்குப் பண்ணினது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு விலை என்னனு நாங்க கண்ணால பாத்தோம். மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ரெண்டும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. காரியசல்லி 1969ல சுமார் 20 ஹெக்டேர் இருந்த தீவு, இப்ப அதுல சின்னத் துண்டுதான் மிச்சம். பாரு இருந்தா அலை அங்கயே உடைஞ்சிடும், பாரு போனா அலை நேரா தீவு மண்ணை வந்து கரைக்குது. வான் தீவைச் சுத்தி 2015ல இருந்து கான்கிரீட்ல செயற்கைப் பாரு இறக்கினாங்க, அது கொஞ்சம் தாங்குது. எங்க அப்பா எடுத்ததைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிற மாதிரி எனக்குத் தோணுச்சு. கல்லு எடுக்கிறதை சட்டம் போட்டு நிறுத்த முடிஞ்சுது, 2001ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பவளத்தைப் புலி, யானை இருக்குற அதே அட்டவணையில சேத்தாங்க. சூட்டை எந்த அட்டவணையில போட்டு நிறுத்துறது, அதுதான் எனக்குப் புரியல.

திருமலை நேசன்:

நான் திருகோணமலை. எங்கட பக்கம் இதை முருகைக்கல் எண்டுதான் சொல்லுறது. ஒரே கடல்தானே, அங்க நடக்கிறதுதான் இங்கயும். 1998ஆம் ஆண்டு வந்த சூட்டுல மேற்குப் பக்கம் கல்பிட்டிக்கு அங்கால இருக்கிற பார் ரீஃப் கிட்டத்தட்ட முழுசா செத்துப்போச்சு, கிழக்குல நாங்கள் அந்தமுறை தப்பினாங்கள். பிறகு அந்த இடம் வருசக்கணக்கா மெல்ல மெல்ல வளந்து வந்து, பார்த்தவை சந்தோசப்பட்டுக்கொண்டு இருக்கேக்க 2016ல திரும்பவும் அடி விழுந்தது.

கல்லுவள்ளம் அண்ணா சொன்ன அலை விசயம் முழு உண்மை. தெற்கால ஹிக்கடுவைப் பக்கம் முருகைக்கல் தோண்டி எடுத்த இடங்களுக்குள்ளாலதான் சுனாமித் தண்ணி கூட உள்ளுக்கு வந்தது எண்டு பிறகு போய் அளந்தவை சொன்னவை. கல்லு இருந்த இடத்துக்குப் பின்னால இருந்த சனம் ஓரளவு தப்பிச்சது. எனக்கு இதைச் சொல்லேக்க இண்டைக்கும் நெஞ்சு கனக்குது.

வேம்பாறு ராணி:

ஆம்பளைங்க எல்லாம் பாரு, படகுனு பேசுறீங்க, கரையோரமா கடல்பாசி எடுத்துப் பிழைக்கிற பொம்பளைங்க நிலைமையும் இதோட சேந்ததுதான். தண்ணி சூடானா பாசி அழுகுது. 2019 செப்டம்பர்ல மண்டபம், பாம்பன் பக்கம் பூங்கோரைங்கிற நுண்ணுயிர் பெருகி கடல் பச்சையா மாறி மீனு செத்து ஒதுங்கினது ஞாபகம் இருக்கா, அன்னிக்கு எங்க சித்தி ஒதுங்கின மீனைக் கூடையில அள்ளிட்டு அப்புறம் மூச்சுமுட்டி செத்த மீனுனு தெரிஞ்சு திரும்பக் கொட்டினாங்க.

தம்பி முத்துக்குளி, கடல்ல புளிப்பு கூடுதுனு சொல்றாங்களே அது என்ன?

முத்துக்குளி:

அக்கா, நாம விடுற கரியமில வாயுல கால்வாசி கிட்ட கடல் குடிச்சிடுது. சோடாவுல கேஸ் ஏத்தின மாதிரி தண்ணி கொஞ்சம் அமிலப் பக்கம் சாயுது. புளிப்பை அளக்குற pH அளவு 8.2ல இருந்து 8.1க்கு வந்திருக்குனு சொன்னா சின்னதா தெரியும், ஆனா அந்தக் கணக்குல அது அமிலத்தன்மை 30 சதவீதம் பக்கம் கூடினதுக்கு சமம். பவளம், சிப்பி, சங்கு எல்லாமே சுண்ணாம்புல ஓடு கட்டுறதுங்க, தண்ணியில அமிலம் கூடக் கூட ஓடு கட்டுறதுக்கு அதிகமா பாடுபடணும். சூடு திடீர்னு வந்து அடிக்குது, இது சத்தமில்லாம எலும்பை அரிக்குது.

கல்லுவள்ளம் அண்ணே, உங்க கேள்விக்கு எங்கிட்ட முழுசா பதில் இல்ல. பூமியோட சராசரி சூடு ஃபேக்டரி எல்லாம் வர்றதுக்கு முந்தின காலத்தை விட 1.5 டிகிரி கூடினா 70ல இருந்து 90 சதவீதம் வரை பவளம் போயிடும், 2 டிகிரினா 99க்கு மேல போயிடும்னு ஐநா விஞ்ஞானிகள் குழு 2018லயே சொல்லிட்டாங்க. புகையைக் குறைக்காம தப்பிக்க வழியே இல்ல. ஆனா அது வரைக்கும் மிச்சம் இருக்குறதைக் காப்பாத்த உள்ளூர்ல செய்யுறதுக்கு நிறைய இருக்கு. நங்கூரத்தைப் பாரு மேல போடாம மணல்ல போடுறது, மாட்டின வலையை விட்டுட்டு வராம எடுக்கிறது, சாக்கடையை சுத்தம் பண்ணாம கடல்ல விடாம இருக்கிறது. கிளிமீனு, ஓராவை ரொம்பக் குட்டியா இருக்கும்போதே அள்ளாம விடுறது ரொம்ப முக்கியம், அதுங்கதான் செத்த பவளம் மேல படிஞ்ச பாசியை மேஞ்சு சுத்தம் பண்ணுது, சுத்தமான இடத்துலதான் புதுப் பவளக்குஞ்சு வந்து ஒட்டும்.

தருவைகுளத்தான்:

சூடு இல்லனு நான் சொன்னது தப்புதான் தம்பி, அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. வலையை எடுக்குற வேலைக்கு எங்க ஊர்ல நாலு பேரைச் சேக்கலாம், நான் பேசிப் பாக்குறேன்.

சங்குக்காரர் மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, லேட்டா வந்து எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க. எல்லாத்தையும் போன்ல அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கல்லுவள்ளம் அண்ணே எழுதினதைப் படிக்கும்போது அப்பா ரெண்டு தடவை திரும்பப் படிக்கச் சொன்னாங்க.

கச்சான் எடுத்து ஓஞ்சதுக்கு அப்புறம் அப்பா அதே இடத்துக்குப் போய் பாத்துட்டு வந்துட்டாங்க. உருண்டை எல்லாம் திரும்ப நிறம் வந்திருக்காம், சிலதுல மேல்பக்கம் மட்டும் இன்னும் வெளுப்பா, ஓரமெல்லாம் பழுப்பா. மான்கொம்பு கிடந்த இடம் போயிடுச்சு, தம்பி சொன்ன மாதிரியே மயிர் மாதிரி பாசி படிஞ்சு கிடக்காம், கை வச்சதும் கொம்பு ஒடிஞ்சு வந்துச்சாம். ஆனா அதுக்குக் கொஞ்சம் தள்ளி நிழல் மாதிரி இருக்குற ஒரு பள்ளத்துல மான்கொம்பு ஒரு கொத்து வெளுக்கவே இல்லாம அப்படியே இருக்காம். அதை அப்பா சொல்லும்போது குரலே மாறிடுச்சு.

ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்துட்டு வந்திருக்கேன், தேதி, எந்தப் பாரு, என்ன நிறம், தண்ணி அடியில சூடா குளுமையானு எழுதுறாங்க. முத்துக்குளி தம்பி, வேற என்னென்ன குறிக்கணும்னு சொல்லுங்க, அடுத்த ஏப்ரலுக்குள்ள அப்பா பழகிடுவாங்க.