பழைய சொகுசு கார்களில் ஆல்டர்னேட்டரைக் கொல்வது ஸ்டீயரிங் ஆயிலா, வயசா?

கத்திப்பாரா_54:
இ46 (3 சீரிஸ்), இ39 (5 சீரிஸ்) மாதிரி ஆறு சிலிண்டர் பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு (டைனமோ என்று அவர்கள் சொல்வது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத்தான்): "சார்ஜ் ஏறல, டைனமோ போச்சு, மாத்திடலாம் சார்." மாற்றுகிறார்கள். கொஞ்ச மாதத்தில் பேட்டரி விளக்கு மறுபடி எரிகிறது. இரண்டாவது டைனமோவும் செத்தால் குற்றத்தை அதன் மேல் போடுவதில் அர்த்தமில்லை, பானெட்டைத் திறந்து மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த கார்கள் பலவற்றில் வரும் எம்54 இன்ஜினில் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பா ஆல்டர்னேட்டரை ஒட்டித்தான் நிற்கிறது. டப்பாவின் மூடி ஓ-ரிங் காய்ந்தாலும், அடியில் ஓஸைப் பிடித்திருக்கும் கம்பெனி கிளிப் தளர்ந்தாலும், சொட்டு விழும் இடம் ஆல்டர்னேட்டர்தான். என் கட்சி இது: கசிவை நிறுத்தாமல் ஆல்டர்னேட்டர் வாங்குவது பணத்தைக் கூவத்தில் போடுவது.

ஆம்பியர்_அண்ணா:
பாதி சரி. ஆனால் கசிவு கண்ணுக்குத் தெரிவதால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. 20 வருஷ ஆல்டர்னேட்டரைக் கழற்றினால் பெரும்பாலும் தெரிவது தேய்ந்துபோன கார்பன், அதாவது உள்ளே சுற்றும் வளையத்தைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் பிரஷ். பாஷ் ரெகுலேட்டரில் (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் துண்டு) கார்பன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் 5 மி.மீ.க்குக் கீழே போனால் அதன் ஆயுள் முடிந்தது. அதற்கு ஸ்டீயரிங் ஆயில் தேவையில்லை.

அடுத்தது நம்ம ஊர். மே மாதம், அண்ணா சாலை சிக்னல், ஏசி முழுசாக, ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது, ஹெட்லைட் இரண்டும் 55 வாட். இன்ஜின் ஐடிலில். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஆம்பியரில் ஏறக்குறைய பாதிதான் தரும், உள்ளே இருக்கும் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். லோடு அதிகம், காற்று குறைவு. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் டயோடு வெந்து போவது இப்படித்தான். ஆயில் மின்சாரத்தைக் கடத்தாது. அது எப்படி ஷார்ட் அடிக்கும்?

கத்திப்பாரா_54:
ஷார்ட் என்று நான் எங்கே சொன்னேன்? கடத்தாது என்பதுதான் இங்கே வில்லங்கமே. கார்பன் தொடும் சுழல் வளையமான ஸ்லிப் ரிங் மேல் ஆயில் படலம் படிந்தால் கார்பனுக்கும் ரிங்குக்கும் நடுவே தொடர்பு விட்டுவிட்டு வரும். பொறி பறக்கும், ரிங்கில் கோடு விழும். தேய்ந்த கார்பன் தூள் ஆயிலோடு குழைந்து கறுப்புச் சேறாகிறது. அந்தச் சேறு பிரஷ் ஹோல்டருக்குள் இறுகினால் கார்பன் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், ஸ்பிரிங்கால் அதை வெளியே தள்ள முடியாது. அதனால்தான் 8 மி.மீ. கார்பன் மிச்சம் இருந்தும் சார்ஜ் ஏறாத ஆல்டர்னேட்டர்கள் இருக்கின்றன. அதே சேறு இரண்டு ரிங்குகளுக்கும் நடுவே பாலம் போட்டால் கசிவு மின்னோட்டமும் வரும், கார்பன் தூள் கடத்துமே.

நீங்கள் சொன்ன வெப்பமும் இதில் சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஆயில் பட்ட ஸ்டேட்டர் கம்பிச்சுருள் ரோட்டுத் தூசியை எல்லாம் பிடித்துக்கொள்கிறது. காற்றுத் துளை அடைகிறது. வெப்பம் வெளியேற வழியில்லை. கசிவு தனியாகக் கொல்லாமல் இருக்கலாம். வயதான ஆல்டர்னேட்டரை முன்கூட்டியே அனுப்பிவைப்பது அதுதான்.

ஸ்பேனர்_தாம்பரம்:
ரெண்டு பேரும் ஸ்டீயரிங் ஆயில்னு முடிவு பண்ணிட்டுப் பேசுறீங்க. எம்54ல ஆல்டர்னேட்டருக்கு நேர் மேல இன்னொரு சாமான் இருக்கு: ஆயில் ஃபில்டர் ஹவுசிங். அதோட கேஸ்கட் காஞ்சு பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகி, இன்ஜின் ஆயில் சுவரோடு வழிஞ்சு ஆல்டர்னேட்டர், பெல்ட், ஸ்டீயரிங் பம்ப் எல்லாத்தையும் நனைக்கும். பம்ப் நனைஞ்சிருக்கறதப் பாத்துட்டு "பம்ப் லீக்"னு பம்பையும் மாத்திட்டு, லீக் அப்படியே இருக்கற வண்டி எத்தனையோ. அதனால மொதல்ல எந்த ஆயில்னு கண்டுபிடிங்க.

ஸ்டீயரிங்ல ஊத்தற ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) சிவப்பு. பழசானா பழுப்பு, ஆனா வெள்ளைத் துணில தொட்டா சிவப்புச் சாயல் தெரியும். இன்னொரு வகை ஸ்டீயரிங் ஆயிலான சிஎச்எஃப் 11எஸ் பச்சை. இன்ஜின் ஆயில் கறுப்பு. கலந்து கிடந்தா கண்ணால சொல்ல முடியாது, அப்போ கழுவித்தான் பாக்கணும்: இன்ஜின் ஆறட்டும், பேட்டரி மைனஸ கழட்டுங்க, ஆல்டர்னேட்டர் மேல பிளாஸ்டிக் கவர் கட்டிட்டு சுத்துப்புறத்த டிகிரீஸர் போட்டு பிரஷ்ஷால தேச்சுத் துடைங்க. நல்லா காஞ்சப்புறம் ஹவுசிங் ஓரம், டப்பா கழுத்து, ஓஸ் முனை மூணுலயும் டால்கம் பவுடர் தூவுங்க. மைனஸ மாட்டி அரை மணி நேரம் ஓட்டி, நின்ன இடத்துல ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் திருப்பிட்டு வந்து பாத்தா பவுடர்ல ஈரக்கோடு எங்க ஆரம்பிக்குதோ அதான் இடம். கடையில யுவி சாயம் இருந்தா அத விட நல்லது.

கத்திப்பாரா_54:
இதை ஏற்கிறேன். ஹவுசிங் கேஸ்கட் என்றால் போல்ட்டை 22 நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும், அலுமினியம், கை பலத்தைக் காட்டினால் திரெட் போய்விடும். ஆனால் நீங்கள் சொல்வது என் கட்சியைத்தான் பலப்படுத்துகிறது. எந்த ஆயிலானாலும் முதல் வேலை கசிவுதான்.

ஆம்பியர்_அண்ணா:
முதல் வேலை மீட்டர் வைப்பது. ஆயில் நனைந்திருக்கிறது என்பதற்காக ஆல்டர்னேட்டர் செத்தது என்று ஆகாது. ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் பேட்டரி 12.6 வோல்ட் இருக்கட்டும். ஸ்டார்ட் செய்து பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை வந்தால் சரி. ஏசி, ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு 2000 ஆர்பிஎம்மில் 13.2க்குக் கீழே இறங்கினால் சந்தேகம். இன்ஜினை முறுக்கியதும் வோல்ட் ஏறினால் பெல்ட் வழுக்கல் அல்லது டயோடு. எவ்வளவு முறுக்கினாலும் 12.3லேயே நின்றால் கார்பன், ரெகுலேட்டர்.

மீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டுக்கு மாற்றி ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் என்றால் நல்லது. அரை வோல்ட் பக்கம் போனால் டயோடு போயிருக்கிறது. கடைசியாக, எல்லோரும் விட்டுவிடும் டெஸ்ட்: லோடு போட்ட நிலையில் ஆல்டர்னேட்டரில் சார்ஜ் வெளியே வரும் பி பிளஸ் முனைக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை ஒயரில். இன்ஜின் எர்த் பட்டையையும் அப்படியே பாருங்கள். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில், பெசன்ட் நகர் ஆனாலும் ஈசிஆர் ஆனாலும், உப்புக்காற்றில் பட்டை பச்சை பூத்துக் கிடக்கும். அதற்கும் டைனமோ மாற்றுகிறார்கள்!

எல்எஸ்_எட்டு:
பிஎம்டபிள்யூவிலேயே நிற்கிறீர்கள். இந்த நோய்க்குப் பேர்போனது லெக்சஸ் எல்எஸ் 400. 1989ல் அமெரிக்காவில் வந்த கார், லெக்சஸ் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாகக் கடை திறந்தது 2017ல்தான் என்பதால் இங்கே இருப்பவை தனியாக இறக்குமதி ஆனவை. அதில் ஸ்டீயரிங் பம்ப் மேலே, ஆல்டர்னேட்டர் அதன் கீழே. அமைப்பே அப்படி. ஆம்பியர் சொல்லும் வெயில், டிராஃபிக் எதுவும் இல்லாத குளிர் நாடுகளிலும் அந்தக் காரில் ஆல்டர்னேட்டர் ஆயிலில் நனைந்து போனது. இதற்கு என்ன பதில்?

அதில் இன்னொரு தந்திரமும் உண்டு. பம்பில் ஐடில் ஏற்றும் காற்று வால்வு ஒன்று இருக்கிறது, இரண்டு மெல்லிய வேக்கம் ஓஸ் இன்டேக்குக்குப் போகும். வால்வு உள்ளே விட்டுவிட்டால் ஆயில் வெளியே சொட்டாமல் இன்டேக் வழியாக உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகையாகப் போகும். டப்பா குறைகிறது, தரையில் சொட்டு இல்லை என்றால் அந்த ஓஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் வால்வை மாற்றுங்கள், பம்ப் முழுவதும் வேண்டாம்.

ஆம்பியர்_அண்ணா:
எல்எஸ் 400ல் ஒப்புக்கொள்கிறேன், அங்கே கசிவுதான் முதல் குற்றவாளி. எல்லா வண்டிக்கும் அதையே நீட்டாதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

புதுப்பேட்டை_பிரியன்:
இவ்வளவு எதுக்கு தல? ஸ்டாப் லீக் ஒரு பாட்டில் ஊத்து, சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைல கழட்டின டைனமோ ஒண்ணு வாங்கி மாட்டு. வண்டி விலைக்கு மேல செலவு பண்ணணுமா?

ஸ்பேனர்_தாம்பரம்:
ஸ்டாப் லீக் ரப்பர் சீல ஊற வைச்சு உப்ப வைக்கும். பம்ப் ஷாஃப்ட் சீல்ல லேசான கசிவுன்னா கொஞ்ச நாள் நிக்கும், பொய் சொல்லல. ஆனா கிளிப் தளர்ந்தா, ஓஸ் வெடிச்சா, மூடி ஓ-ரிங் போனா அது என்ன பண்ணும்? உப்பின சீல் அப்புறம் இளகிப் போகும், ஸ்டீயரிங் ரேக் சீலும் சேந்து போகும். மூடி ஓ-ரிங் ஒரு டீ, பன் காசு. அத மாத்தாம பாட்டில் வாங்கறது என்ன கணக்கு?

புதுப்பேட்டை டைனமோ தப்பில்ல, ஆனா கடையிலயே பாத்து வாங்கு. கையால சுத்து, கரகரன்னா பேரிங் போச்சு. பின் மூடியக் கழட்டி ரெகுலேட்டர எடுத்து ஸ்லிப் ரிங்கப் பாரு. ரிங்குக்கும் ரிங்குக்கும் நடுவுல 2லேர்ந்து 4 ஓம் பக்கம் காட்டணும், ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல எதுவும் காட்டக் கூடாது. உள்ள மண் படிஞ்சிருந்தா வெள்ளத்துல நின்ன வண்டி. 2015, 2023 டிசம்பர் ரெண்டுலயும் தண்ணில நின்ன வண்டி எவ்வளவோ, அந்தச் சாமானெல்லாம் எங்கயோ சுத்திட்டுத்தான இருக்கும்.

ஆம்பியர்_அண்ணா:
புதுப்பேட்டைக்கு முன்னாடி, இருக்கிற ஆல்டர்னேட்டரையே ஓவர்ஹால் செய்யலாம். ரெகுலேட்டரும் கார்பனும் ஒரே துண்டு, பின்பக்கம் ஸ்க்ரூ கழற்றினால் வந்துவிடும். ரிங்கில் கோடு இருந்தால் லேத்தில் லேசாகத் தள்ளலாம், ஆழமென்றால் ரிங் மாற்ற வேண்டும். பேரிங் இரண்டும் மாற்றுங்கள், ஆயில் புகுந்த பேரிங்கில் கிரீஸ் கரைந்திருக்கும். கடையில் இசட்இசட் கொடுத்தால் வாங்காதீர்கள், அது தகரத் தடுப்பு, இடுக்கு வழியாக ஆயில் போகும். 2ஆர்எஸ் (இரண்டு பக்கமும் ரப்பர் சீல்), சி3 (உள் இடைவெளி கொஞ்சம் அதிகம்) என்று கேட்டு வாங்குங்கள்.

கழுவுவதில் ஒரு எச்சரிக்கை. பெட்ரோலில் முக்காதீர்கள், வார்னிஷுக்கும் நல்லதில்லை, தீயும் பிடிக்கும். எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் போதும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன் வைத்து அடித்தால் சேறு இன்னும் உள்ளே போகும். மைனஸ் கழற்றாமல் பி பிளஸ் நட்டில் ஸ்பேனர் வைக்கவே வைக்காதீர்கள், அதில் பேட்டரி கரன்ட் எப்போதும் இருக்கும்.

கத்திப்பாரா_54:
சரி, கசிவு வேலைக்கு வருகிறேன். எம்54 டப்பாவில் வடிகட்டி உள்ளேயே பதிந்தது, தனியாக மாற்ற முடியாது. அதனால் டப்பாவையே மாற்றி, கம்பெனி கிளிப்புக்குப் பதில் ஸ்க்ரூ கிளிப் போடுங்கள். ஓஸ் முனையைப் பிடிக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டைக் கழற்றினால் இரண்டு வாஷரும் புதுசு. மூடியில் ஏடிஎஃப் என்றிருந்தால் டெக்ஸ்ரான் 3, சிஎச்எஃப் என்றிருந்தால் அதுவே. கலக்கக் கூடாது. 2 லிட்டர் வாங்கினால் அலசவும் சேர்த்துப் போதும்.

காற்று எடுக்க: முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் அணைத்தபடியே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பத்து முறை மெதுவாகத் திருப்பி, குறையக் குறைய ஊற்றுங்கள். குமிழி நின்றபின் ஸ்டார்ட் செய்து மறுபடியும். கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், அழுத்தம் உச்சத்தில் இருக்கும், ஆயில் கொதிக்கும். மேக்ஸ் கோட்டுக்கு மேல் ஊற்றினால் சூட்டில் விரிந்து மூடி வழியாக வழியும், வழிந்து எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

புதுப்பேட்டை_பிரியன்:
ஓஸ் லோக்கல்ல போடலாமா?

ஸ்பேனர்_தாம்பரம்:
ரிட்டர்ன் ஓஸ் போடலாம், ஆனா ரேடியேட்டர் ஓஸ் வெட்டிப் போடாதீங்க. அது இபிடிஎம் ரப்பர், ஏடிஎஃப் பட்டா ஊறி உப்பி மிருதுவாகி நழுவிடும். கியர் ஆயில் கூலருக்கான நைட்ரைல் ஓஸ் கேளுங்க, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல கேட்டுப் பாருங்க. பிரஷர் ஓஸ் வேற கதை. அம்பத்தூர், கிண்டி பக்கம் ஹைட்ராலிக் கடைல முனைய வைச்சு கிரிம்ப் பண்ணித் தருவாங்க, தாங்கும்.

எல்எஸ்_எட்டு:
தாங்கும், ஆனால் ஸ்டீயரிங் முனகும். கம்பெனி ஓஸ் பம்பின் துடிப்பை வாங்கிக்கொள்ளும்படி கொஞ்சம் விரிவடையும். ஹைட்ராலிக் ஓஸ் விறைப்பாக இருப்பதால் பார்க்கிங்கில் உறுமல் உள்ளே கேட்கும். பிரஷர் பக்கம் ஒரிஜினல்தான் என் முடிவு.

ஸ்பேனர்_தாம்பரம்:
ஒரிஜினல் வர்ற வரைக்கும் வண்டி நிக்கணுமா? சத்தம் வந்தா வரட்டும், ஆல்டர்னேட்டர் மேல ஒழுகாம இருந்தா போதும்.

ஆம்பியர்_அண்ணா:
ஓஸ் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த பெல்ட்டையும் மாற்றுங்கள், துடைத்துப் போட்டால் மறுபடி வழுக்கும். டென்ஷனர், ஐட்லர் புல்லி பள்ளங்களையும் துடையுங்கள். கத்திப்பாரா, பிரியன், இரண்டு பேரும் ஐடிலில் ஒன்று, 2000ல் ஒன்று, ஏசி போட்டு ரீடிங் எடுத்து இங்கே போடுங்கள். ஏசி வோல்ட் ரீடிங்கும் சேர்த்து. அதற்கப்புறம் யார் ஜெயித்தது என்று பார்ப்போம்.