கல்வெட்டுல ‘ஒப்புரவாளர்’னு போட்டா சரியா வருமா?

மலைப்பூண்டு:
நமக்கு கொடைக்கானல்ல பூம்பாறை பக்கம். இங்க ஒருத்தர் தன் காட்டு ஊத்துல இருந்து ஓஸ் இழுத்து ரோட்டோரம் தொட்டி கட்டி விட்டுருக்கார், யாரு வேணா புடிச்சுக்கலாம், போன ஏப்ரல்ல அவரு கேரட்டே காஞ்சப்பவும் அடைக்கல. ஊர்ல சேந்து ஒரு கல்லு வைக்கலாம்னு பேச்சு. தமிழ் வாத்தியார் ‘ஒப்புரவாளர்’னு எழுதிக் குடுத்தார். அதப் படிச்சுட்டு பக்கத்து வீட்டு அக்கா, சர்ச்சுக்குப் போறவங்க, “அவரு யாரு கூடடா சண்ட போட்டு ராசி ஆனாரு?”ங்கறாங்க. பேசாம வள்ளல்னே போட்ரலாமா?

சோலைக்குருவி:
வள்ளல் வேணாம்ங்க, கட்சி போஸ்டர் மாதிரி இருக்கும். வாத்தியார் சொன்னதுதான் கரெக்ட். குறள்ல 22வது அதிகாரம் ஒப்புரவறிதல், அடுத்த 23 ஈகை. ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு தனித்தனியா வைக்கணும்? இல்லாதவனுக்கு குடுக்கறது ஈகை, 221லயே “வறியார்க்கொன்று ஈவதே ஈகை”ன்னு வந்துருது. ஒப்புரவு அப்படி ஆள் பாத்து குடுக்கறது இல்ல, ஊரோட ஒத்து வாழறவன் ஊருக்கு ஆகற மாதிரி செய்யறது, உங்க தொட்டில கார்ல வர்றவனும் தண்ணி புடிக்கறான்ல. 215ல “ஊருணி நீர்நிறைந் தற்றே”ன்னு இருக்கு, ஊரு உண்ற தண்ணிதான் ஊருணி, அப்படியே உங்க ஆளுதான். அடுத்த குறள்ல ஊருக்குள்ள பழுத்த மரம், அதப் படிச்சா எனக்கு வில்பட்டி ரோட்டுல வேலிக்கு வெளிய தொங்கற பேரிக்காதான் ஞாபகம் வரும் 😄

மழைக்கோட்டு:
அக்கா கேட்டதும் தப்பில்லைங்க. சர்ச்சுல சாமியார்கிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்கறது, நாங்க பாவசங்கீர்த்தனம்னு சொல்லிட்டு இருந்தது, அதத்தான் இப்ப ஒப்புரவு அருட்சாதனம்ங்கறாங்க. பைபிள்லயும் “தேவனோடே ஒப்புரவாகுங்கள்”னு வரும், அங்க சமாதானம் ஆகறதுன்னு அர்த்தம். ரெண்டுலயும் ‘ஒப்பு’தான் அடி, ஒத்துப் போறது. ஆனா கொடைக்கானல்ல பாதிப் பேரு அக்கா மாதிரிதான் படிப்பாங்க, அதனால கீழ 215ஐ முழுசா போட்ருங்க, கொழப்பம் வராது.

சோலைக்குருவி:
ஆமா அது நல்ல ஐடியா. இன்னொண்ணு, குறளுக்கு உரை எழுதுன பரிமேலழகர் இத ‘உலகநடை’ங்கறார், புஸ்தகத்துல எழுதி வச்சத பாத்து செய்யறது இல்லையாம், தானா அறிஞ்சு செய்யறதாம், அதான் ‘அறிதல்’னு சேத்துருக்காங்க.

மலைப்பூண்டு:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். நேத்து சாயங்காலம் அவருகிட்டயே குறளக் காட்டுனேன். கல்லு செலவு எவ்வளவுன்னு கேட்டார், சொன்னேன். “அந்தக் காசுக்கு தொட்டிக்கு ஒரு மூடி போட்டுக் குடுங்கப்பா, கொரங்கு எறங்கி குளிக்குது”ன்னார். இப்ப தகரமா சிலாப்பான்னு ஓடிட்டு இருக்கு.