அதே மருந்து கிரீமில் ஒத்துக்கொள்ளவில்லை, ஆயின்ட்மென்டில் ஒத்துக்கொண்டது ஏன்?

கேள்வி (பாலக்கோடு):
தக்காளித் தோட்ட வேலைக்குப் போகும் என் அம்மாவுக்குக் கணுக்காலில் கரப்பான் வந்தது. பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கிரீம் தடவியதும் முதல் நான்கு நாள் அரிப்பு அடங்கியது. ஆனால் இரண்டாம் வாரத்தில், தடவிய இடத்தைத் தாண்டியும் தோல் சிவந்து, கடுகு கடுகாகக் கொப்புளங்கள் எழும்பி நீர் கசிந்தது. மருந்து போதவில்லை என்று எண்ணி இன்னும் தாராளமாகத் தடவினோம், புண் மோசமாயிற்று. பிறகு தோல் மருத்துவர் அதே பீட்டாமெத்தசோனை ஆயின்ட்மென்டாக எழுதித் தந்தார், பத்து நாளில் ஆறிவிட்டது. மருந்து ஒன்றாக இருக்க, இது எப்படி?

பதில் (கிருஷ்ணகிரி, மருந்தாளுநர்):
கிரீமில் தண்ணீர் உண்டு. தண்ணீர் இருந்தால் கிருமி வளரும் என்பதால் குளோரோகிரெசால், பாரபென், பென்சைல் ஆல்கஹால் போன்ற ஏதேனும் ஒரு பதப்பொருளைச் சேர்த்தாக வேண்டும். வாசலின் போன்ற பிசுக்கில் செய்யும் ஆயின்ட்மென்டில் தண்ணீர் இல்லாததால் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. நல்ல தோலில் ஒன்றும் செய்யாத பாரபென்கூட, வெடித்த கரப்பானில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். ஸ்டீராய்டு அந்த ஒவ்வாமையையும் ஓரளவு அமுக்கி வைப்பதால்தான் பழைய நோய் ஆறவில்லை என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். ட்யூபின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். ஆயின்ட்மென்ட் எல்லாமே பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். சிலவற்றில் புரொப்பிலீன் கிளைக்கால் இருக்கும், அதுவும் சிலருக்கு ஆகாது.

பதில் (காரிமங்கலம்):
எனக்கும் இதே தொல்லை வந்து பேட்ச் டெஸ்ட் செய்துகொண்டேன். எந்தப் பொருள் ஆகவில்லை என்று கண்டுபிடிக்க, சந்தேகப்படும் பொருள்கள் வைத்த சிறு சிறு வில்லைகளை முதுகில் ஒட்டி, ஒவ்வொன்றின் அருகிலும் மையால் குறியிட்டு, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். இவ்வகை ஒவ்வாமை தாமதமாகவே தலைகாட்டும் என்பதால் நான்காம் நாளும் வரச் சொன்னார்கள். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது; ஆகவே அம்மாவுக்குத் தோட்ட வேலை இல்லாத வாரமாகப் பாருங்கள். வீட்டிலேயே அந்தக் கிரீமை மறுபடி தடவிச் சோதிக்க வேண்டாம், தயவுசெய்து.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன், குளோரோகிரெசால் 0.1 சதவீதம் என்று இருக்கிறது. அப்பா சேற்றுப்புண்ணுக்கு வைத்திருக்கும் கிரீமிலும் அதே பெயர் இருந்ததால், அம்மாவின் கைக்கு எட்டாமல் அதை எடுத்து வைத்துவிட்டேன். இரண்டு ட்யூபையும் மருத்துவரிடம் கொண்டுபோகிறோம்.